ஐந்து பச்சைப் புள்ளிகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மாமனார் கூடத்து நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தொண்டையைச் செருமினார். கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்து, "அனைவரும் கவனிக்கவும். நான் பேசுவது கேட்கிறதா?" என்றார். அவர் தலைக்கு ஒரு முழம் மேலே அலமாரியில் இருந்த ஸ்பீக்கர் டிங் டாங் என்று மணியடித்துவிட்டு, அதே கேள்வியை அவரிடமே திருப்பிக் கேட்டது. வீட்டில் வேறு எங்கிருந்தும் ஒரு முனகல்கூட இல்லை.

"கேக்குது மாமா," என்றான் மாப்பிள்ளை.

"நீங்க என் எதிர்ல உக்காந்திருக்கீங்க மாப்பிள்ள. மைக் இல்லாமலே கேக்கும்."

அவனை அந்த வீட்டில் எல்லாரும் மாப்பிள்ளை என்றே அழைத்தார்கள். மாமனார் வீட்டு மாடியில் குடியிருந்துகொண்டு ஆறு மாதமாக வேலைக்குப் போகாதவனை அழைக்க அதைவிட மரியாதையான சொல் கிடையாது.

மாமனாரின் கைபேசிச் செயலியில், ஸ்பீக்கருக்கு ஒன்றாக, ஐந்து புள்ளிகள் இருந்தன: கூடம், சமையலறை, மச்சினி அறை, குளியலறை நடை, மாடி. கூடம் மட்டும் பச்சை. மற்ற நான்கும் சாம்பல். பதினோரு நாளைக்கு முன்னால் முதலில் மாடி போயிற்று. இரண்டு நாள் கழித்துச் சமையலறை. அப்புறம் மச்சினி அறை. போன புதன்கிழமை குளியலறை நடை. தொற்றுநோய் மாதிரி அறை அறையாகப் பரவுகிறது என்பது மாமனாரின் கருத்து. அடுத்தது கூடம்தான் என்று அவர் ராத்திரியில் எழுந்து வந்து அந்த ஒற்றைப் பச்சையைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

தெருவில் அவருக்கு ஃபோர்மேன் என்று பெயர். நூற்பாலை ஒன்றில் முப்பத்தோரு வருடம் ஃபோர்மேனாக இருந்தவர். கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து மைக்கில் உத்தரவு போடுவதுதான் அவர் வேலை. வேறு வேலையும் இருந்திருக்கும், ஆனால் அவர் சொல்லும் கதைகளில் மைக் மட்டும்தான் வரும். ஓய்வு பெற்ற அன்று மைக்கை அங்கேயே வைத்துவிட்டு வந்தார். நான்கு வருடம் வீட்டில் வெறும் தொண்டையால் கத்திப் பார்த்தார். முந்நூறு பேரை மேய்த்த குரல் ஒரு மனைவியிடமும் இரண்டு மகள்களிடமும் எடுபடவில்லை. அப்போதுதான் இந்த ஸ்பீக்கர்கள் வந்தன. பாட்டுக் கேட்க என்று சொல்லித்தான் வாங்கினார். ஐந்து மாதத்தில் பாட்டு இரண்டு முறை ஓடியது. மிச்ச நேரமெல்லாம் அறிவிப்பு.

காலை ஐந்தே முக்காலுக்கு, விடிந்துவிட்டது என்று ஓர் அறிவிப்பு. ஆறு மணிக்கு, இன்னும் விளக்குப் போடாத அறைகளின் பட்டியல். சமையலறைக்கு, குக்கர் எத்தனை விசில் அடித்தது என்ற கணக்கு. மச்சினிக்கு, பரீட்சைக்கு எத்தனை நாள் பாக்கி என்பது. குளியலறைக்கு வெளியே நடையில் ஒன்றை மாட்டியதுதான் உச்சம். "குளியலறையில் இருப்பவர் கவனத்துக்கு, தண்ணீர் ஒன்பது நிமிடமாக ஓடுகிறது" என்று ஒரு குரல் கதவிடுக்கில் வந்து நின்றால், சோப்பு நுரையோடு எந்த மனுஷி என்ன பதில் சொல்வாள்?

இதை எல்லாம் மாட்டியவன் மாப்பிள்ளைதான். அதனால் பழுது பார்க்க வேண்டியவனும் அவன்தான். அன்று மாலை நான்கு மணிக்குள் பார்த்தாக வேண்டும். மாமனாரோடு ஆலையில் வேலை செய்த எலக்ட்ரீசியன் ஒருவர், வயர்மேன் என்று பெயர், இப்போது பள்ளிக்கூடங்களுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் ஒலிபெருக்கி மாட்டிக்கொடுக்கும் தொழில் நடத்துகிறார். அவருக்கு ஓர் ஆள் தேவை. என் மாப்பிள்ளை வீடு பூராவும் தனியாளாக மாட்டியிருக்கிறார், வந்து பார், பார்த்துவிட்டு எடுத்துக்கொள் என்று மாமனார் சொல்லி வைத்திருந்தார். ஐந்தும் பேசினால் மாப்பிள்ளைக்குத் திங்கட்கிழமை முதல் வேலை. பகல் வேலை. பேசாவிட்டால் அவன் மறுபடியும் பழைய இடத்தின் வாசலில் போய் நிற்க வேண்டும். மனைவியின் ஆய்வகச் சம்பளத்தில் சாப்பிட்டுக்கொண்டு மாடியில் படுத்திருப்பது இன்னொரு மாதம் தாங்காது என்பதை அவள் சொல்லவில்லை. தட்டு வைக்கிற சத்தத்தில் தெரிந்தது.

பழைய இடம் என்பது ஒரு கால் சென்டர். ராத்திரி ஷிஃப்ட். பெரிய கூடத்தின் இடது பக்கம் நாற்பது பேர், ஸ்பீக்கர் கம்பெனிக்காகப் பேசுபவர்கள். வலது பக்கம் நாற்பது பேர், இணைய மோடம் கம்பெனிக்காகப் பேசுபவர்கள். நடுவில் நெஞ்சளவுத் தடுப்பு. ஸ்பீக்கர் பேசவில்லை என்று யாராவது அழைத்தால், இடது பக்கம் மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கோளாறு உங்கள் மோடத்தில்தான், அந்தக் கம்பெனியை அழையுங்கள் என்று சொல்ல வேண்டும். அவர் அழைப்பார். வலது பக்கம் மணியடிக்கும். அங்கே மூன்று கேள்வி கேட்டுவிட்டு, கோளாறு உங்கள் ஸ்பீக்கரில்தான் என்பார்கள். ஒரே ஆள் தடுப்புக்கு மேலே பந்து மாதிரி போய்ப் போய் வருவதை இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாப்பிள்ளை நான்கு வருடம் அந்த ஆட்டம் ஆடினான். ஒரு நாள் ஐந்தாவது முறையாகத் திரும்பி வந்த ஒருவரிடம், "சார், நீங்க பேசின அந்த ஆளு எனக்கு எதிர்லதான் உக்காந்து பிஸ்கட் தின்னுக்கிட்டிருக்கான்" என்று சொல்லிவிட்டான். அதில் வீரமொன்றும் இல்லை. தூக்கம் கெட்ட எரிச்சல். அழைப்புகள் பதிவாகும் என்பது அவனுக்குத் தெரியும். அவர்கள் கூப்பிட்டுச் சொல்வதற்கு முன்னால் அவனே காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

மாமனாருக்கு இது தெரியும். தெரிந்தும், கம்பெனியைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம் என்று அன்று பிடிவாதம் பிடித்தார். கூப்பிட்டார். இருபது நிமிடம் இசை கேட்டார். பிறகு ஒரு பெண் மூன்று கேள்வி கேட்டுவிட்டு மோடத்தில்தான் கோளாறு என்றாள். மோடம் கம்பெனியைக் கூப்பிட்டார். அங்கே எடுத்தவனின் குரல் மாப்பிள்ளைக்கு அடையாளம் தெரிந்தது. அந்த பிஸ்கட் ஆசாமி. பகலுக்கு மாறியிருந்தான். மாப்பிள்ளை கைபேசியை வாங்கி, "டேய், நான்தான்டா" என்றான். எதிர்முனையிலிருந்து அதே தேன் குரலில், தங்கள் பொறுமைக்கு நன்றி, தங்கள் ஸ்பீக்கரில்தான் கோளாறு என்று பதில் வந்தது. அவனுக்கும் வீட்டில் தட்டு வைக்க ஆள் இருக்கும்.

"ரெண்டு பேரும் ஒருத்தன் மேல ஒருத்தன் கை காட்டுறானுங்களே," என்று மாமனார் அசந்துபோனார். "நம்ம மில்லுல இப்படி நடந்தா மைக்லயே கிழிச்சிருப்பேன்."

மாப்பிள்ளை மோடத்தை அணைத்து முப்பது எண்ணிப் போட்டான். விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிந்தன. கூடத்து ஸ்பீக்கர் உடனே உயிர் பெற்றது. மற்றவை சாம்பல். ஆக, மோடத்தில் தவறில்லை. அவன் அறை அறையாகக் கிளம்பினான்.

சமையலறையில் ஸ்பீக்கர் வழக்கமான இடத்தில் இல்லை. எங்கே என்று கேட்டதற்கு மாமியார் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தாமல், கூடத்து மோடத்தில்தான் ஏதோ கோளாறு என்று உங்கள் மாமா சொன்னாரே, அதைப் பாருங்களேன் என்றார். அவன் மேல்தட்டைப் பார்த்தான். பத்துப் பேருக்குச் சமைக்கிற எவர்சில்வர் அண்டா ஒன்று, மூடி போட்டு, மூடிமேல் அம்மிக் குழவியும் வைக்கப்பட்டிருந்தது. மூடிக்கும் விளிம்புக்கும் இடையில் ஒரு கறுப்பு வயர் வெளியே வந்து ப்ளக்குக்குப் போயிற்று. மூடியைத் திறந்தான். உள்ளே ஸ்பீக்கர், மோடத்தைத் தேடித் தேடி ஆரஞ்சு விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, கிணற்றில் விழுந்த பூனை மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஆவி படுதுன்னு வச்சேன் மாப்பிள்ள," என்றார் மாமியார்.

"குழவி எதுக்கு அத்தை?"

மாமியார் வெங்காயத்தைப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது, ஆனால் அது வெங்காயத்துக்கு வந்தது. "நாப்பது வருஷமா சமைக்கிறேன். எனக்கு விசில் எண்ணத் தெரியாதா?"

மச்சினி கணக்குத் தணிக்கைப் பரீட்சைக்கு மூன்றாவது முறையாகப் படித்துக்கொண்டிருந்தாள். அவள் அறையில் ஸ்பீக்கரின் விளக்கு பச்சையாகவே எரிந்தது. அவனுக்குக் குழப்பமாகிவிட்டது. இணைந்திருக்கிறது, ஆனால் மாமனாரின் கைபேசியில் சாம்பல். அவள் கேட்காமலே, சமையலறை ஸ்பீக்கர்தான் மொத்த லைனையும் இழுத்து விடுகிறது என்று அம்மாவைக் கை காட்டினாள். அவன் மோடத்தில் இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்து பார்த்தான். அவள் ஸ்பீக்கர் அதில் இல்லவே இல்லை. அவளுடைய பழைய கைபேசி ஒன்று கட்டிலுக்கடியில் சார்ஜில் கிடந்தது. அதன் ஹாட்ஸ்பாட்டில் ஸ்பீக்கரைக் கட்டிப்போட்டிருந்தாள். வீட்டுக்குள் தனி வீடு.

"அத்தான், 'பரீட்சைக்கு நாப்பத்திரண்டு நாள்'னு தினமும் காலையில ஒரு குரல் சொன்னா நீங்க பாஸ் பண்ணுவீங்களா?"

"வேலையில்லாம ஆறு மாசம்னு எனக்குக் குரல் இல்லாமலே கேக்குது," என்றான் அவன்.

குளியலறை நடையில் இருந்த ஸ்பீக்கரின் ப்ளக் செருகப்படவே இல்லை. யாரோ பிடுங்கியிருந்தார்கள். பிடுங்கிய வயரை எட்டு மாதிரி மடித்து, நடுவில் பருத்தி நூலால் இரண்டு சுற்றுச் சுற்றி, முடிச்சை உள்ளே தள்ளி, பார்க்க லட்சணமாக ஆணியில் மாட்டியிருந்தார்கள். மாமியாரைக் கேட்டான். தான் இல்லை என்று அடித்துச் சொன்னார். மச்சினியும் தலையில் அடித்துக்கொண்டு மறுத்தாள். அவன் அந்த முடிச்சைக் கொஞ்ச நேரம் பார்த்தான். அந்த வீட்டில் வயரை அப்படி மடிக்கிற கை ஒன்றுதான். நூற்பாலையில் பழகிய கை. போன செவ்வாய்க்கிழமை என்ன நடந்தது என்பதும் நினைவுக்கு வந்தது. மாமனார் செய்தித்தாளோடு உள்ளே போய் நாற்பது நிமிடம் வரவில்லை. மாமியார் தன் கைபேசியில் அதே செயலியைத் திறந்து, "குளியலறையில் இருப்பவர் கவனத்துக்கு, மற்றவர்களுக்கும் வயிறு இருக்கிறது" என்று முதல் முதலாக ஓர் அறிவிப்பு கொடுத்தார். நடையில் மட்டும் கேட்க வேண்டியது, எந்தப் பொத்தானை அழுத்தினாரோ, அப்போது பச்சையாக இருந்த கூடத்திலும் சேர்ந்து கேட்டது. புதன்கிழமை நடை சாம்பலாகிவிட்டது. சத்தமாகப் புலம்பியவர் மாமனார்தான்.

யாரையும் குற்றம் சொல்ல மாப்பிள்ளைக்கு யோக்கியதை இல்லை. மாடிக்குப் போனான். அங்கே தேட ஒன்றுமில்லை. மாடி ஸ்பீக்கரை மோடத்தின் தடைப் பட்டியலில் போட்டவன் அவனே. பதினோரு நாளைக்கு முன்னால், ஐந்தே முக்கால் டிங் டாங்குக்குப் பிறகு, படுத்த இடத்திலிருந்தே, இரண்டு நிமிட வேலை. ராத்திரி ஷிஃப்டை விட்டுவிட்டு வந்தவன் விடியற்காலைத் தூக்கத்தைத்தான் சொத்து மாதிரி வைத்திருந்தான். மாடி அடங்கியதைப் பார்த்துத்தான் கீழே மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்திருக்கிறது. நோயைக் கொண்டுவந்தவன் வைத்தியர் வேஷம் போட்டுக்கொண்டு காலையிலிருந்து நாடி பிடித்துக்கொண்டிருந்தான்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவளிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"சரி பண்ணிடுங்க. உங்களுக்கு வேலை கிடைக்கட்டும்," என்றாள். "காலையில ஏழு மணிக்கு நீங்க கிளம்பிடுவீங்க. நாங்க மூணு பேரும் அந்த டிங் டாங்கோட இருக்கோம். உங்க வேலை எங்க காதுலதான் நடக்கும்."

மத்தியானம் சமையலறையில் கூட்டம் போட்டார்கள். மாமனார் கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்தார். ஒப்பந்தம் சுருக்கமானது. நான்கு மணி முதல் ஐந்து மணி வரை எல்லா ஸ்பீக்கரும் பேசும். வயர்மேன் வாசல் தாண்டியதும் அவரவர் விருப்பம். மாமியார் அண்டாவைக் கழுவித் தயாராகக் கவிழ்த்து வைத்தார். அவன் ஹாட்ஸ்பாட்டை அணைத்து, தடையை நீக்கி, நடையின் முடிச்சை அவிழ்த்து ப்ளக்கைச் செருகினான். மூன்றரைக்கு மாமனாரின் கைபேசியில் ஐந்து பச்சைப் புள்ளிகள் பூத்தன. எழுந்து பார்த்தவர் அவன் தோளைத் தட்டினார். ஐந்து மாதத்தில் அதுதான் முதல் தட்டு.

வயர்மேன் சொன்ன நேரத்துக்கு வந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் டெஸ்டர், காதுக்கு மேலே பென்சில். மாமனார் அவரை உட்காரக்கூட விடவில்லை. கைபேசியை வாய்க்கு நேராகப் பிடித்தார். அறிவிப்பு வீடு முழுவதும் ஒலித்தது. சமையலறையில், மச்சினி அறையில், நடையில், மாடியில், ஐந்து ஃபோர்மேன்கள் ஒரே நேரத்தில் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசினார்கள். பேச்சு பதினான்கு நிமிடம் நீண்டது. மச்சினி காதில் விரலை வைத்துக்கொண்டாள். வயர்மேன் தலையாட்டிக் கேட்டுக்கொண்டே ஒவ்வோர் அறையாக நடந்தார். மாப்பிள்ளை கூடவே போனான்.

சமையலறையில் அவர் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. மேல்தட்டில் கவிழ்த்திருந்த அண்டாவையும் பக்கத்தில் நின்ற குழவியையும் பார்த்தார். மச்சினியின் கட்டிலுக்கடியில் கிடந்த பழைய கைபேசியைப் பார்த்தார். நடையில் வயரில் இன்னும் நிமிராமல் இருந்த எட்டு மடிப்பை விரலால் தடவிப் பார்த்தார். மாடிப்படியில் நின்றுகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"எத்தனை நாளா ஊமையா இருந்தது தம்பி?"

மாப்பிள்ளைக்கு வேலை கையைவிட்டுப் போவது கண்ணுக்குத் தெரிந்தது. கால் சென்டரில் செய்ததையே மறுபடியும் செய்தான். உண்மையைச் சொன்னான். பதினோரு நாள், முதல் கை என்னுடையது, கடைசிக் கை மாமாவுடையது, இன்றைக்கு ஒரு மணி நேரத்துக்குத்தான் பேச விட்டிருக்கிறோம் என்றான்.

வயர்மேன் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பை அடக்கியதில் டெஸ்டர் பையிலிருந்து கீழே விழுந்தது.

"மில்லுல மொத்தம் எட்டு கூம்பு ஸ்பீக்கர்," என்றார். "நான் சேர்ந்த ரெண்டாவது மாசமே தொழிலாளிங்க வந்து அழுதாங்க, மெஷின் சத்தத்தைக்கூடத் தாங்கிக்கிறோம், இந்த ஆளைத் தாங்க முடியலைன்னு. ஆறு கூம்பை அமுக்கினேன். அவர் ரூம்ல ஒண்ணு, மேனேஜர் வராந்தாவுல ஒண்ணு. பதினெட்டு வருஷம் அந்த ரெண்டுலதான் பேசினாரு. உற்பத்திக்கு ஒரு குறையும் இல்ல. அவருக்கு வருஷா வருஷம் பாராட்டுப் பத்திரம்."

கீழே பேசிக்கொண்டிருந்த மாமனாரின் குரல், மாடி ஸ்பீக்கரில், நேரந்தவறாமையைத் தொட்டிருந்தது.

"ஆனா நீங்க எல்லாரும் பண்ணது கத்துக்குட்டி வேலை," என்றார் வயர்மேன். "அண்டாவுல போடுறது, ப்ளக்கைப் பிடுங்குறது. அவர் போன்ல விளக்கு அணையுதுல்ல? விளக்கு அணைஞ்சா மனுஷன் தேடுவான். அதை எரிய விடணும். சத்தத்தை மட்டும் ஜீரோவுக்குக் கொண்டு வந்துடணும். நான் பள்ளிக்கூடத்துக்கு மாட்டினா ஹெட்மாஸ்டருக்கு விளக்கு, வாத்தியாருங்களுக்கு அமைதி. ஆஸ்பத்திரியில நோயாளி பக்கம் மட்டும் நல்லாக் கேக்கும், அதுல நான் விளையாட மாட்டேன். எட்டு கூம்பையும் பேச வைக்க ஆயிரம் பேர் இருக்கான். எதைப் பேச வைக்கணும், எதை வைக்கக்கூடாதுன்னு தெரிஞ்ச ஆளு எனக்கு வேணும். நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க."

பேச்சு முடிந்ததும் மாப்பிள்ளையே மாமனாரின் கைபேசியை, ஒலித்தரம் சரிபார்க்கிறேன் என்று வாங்கினான். நான்கு ஸ்பீக்கர்களின் ஒலியளவைப் பூஜ்யத்துக்கு இறக்கினான். கூடத்தை இரண்டு படி ஏற்றினான். மோடத்தில் ஒரு தடையும் போடவில்லை. அண்டா கவிழ்ந்தபடியே இருந்தது. வயர்மேன் கிளம்பும்போது மாமனாரின் கையைப் பிடித்து, இவ்வளவு சுத்தமான லைனை நான் பார்த்ததில்லை சார் என்று சொல்லிவிட்டுப் போனார். பொய் சொல்லும்போது அந்த ஆள் கண்ணைச் சிமிட்டவில்லை. பதினெட்டு வருடப் பழக்கம்.

ஐந்தரைக்கு மாமனார் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு குளியலறைக்குள் போனார். ஆறு மணியாயிற்று. ஆறே காலாயிற்று. ஒலியளவை இறக்கிய விஷயத்தை மாமியாருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. அவர் சமையலறையில் நின்றபடி தன் கைபேசியை எடுத்து, நடை என்ற பச்சைப் புள்ளியைத் தொட்டு, குளியலறையில் இருப்பவர் கவனத்துக்கு என்று ஆரம்பித்து, மனசில் உள்ளதை எல்லாம் நிதானமாகச் சொல்லி முடித்தார். நடையிலிருந்து ஓர் எழுத்துகூட வரவில்லை. மாப்பிள்ளை கூடத்தில் நின்று நடையையே பார்த்துக்கொண்டிருந்தான். சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவில் இருப்பது ஒரு மெல்லிய பலகைக் கதவு. மாமியார் கைபேசியில் பேசியது ஸ்பீக்கர் இல்லாமலே உள்ளே கேட்டிருக்கும்.

நாற்பத்தெட்டாவது நிமிடம் கதவு திறந்தது. மாமனார் செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு நடையில் நின்றார். ஸ்பீக்கரின் பச்சை விளக்கைப் பார்த்தார். செருகியிருந்த ப்ளக்கைப் பார்த்தார். காதை அதன் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு தன் கைபேசியை எடுத்துத் திரையில் ஏதோ பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். ஒலியளவுக் கோடுகள் அந்தத் திரையில்தான் இருக்கின்றன என்பது மாப்பிள்ளைக்கு அப்போதுதான் உறைத்தது.

மாமனார் கூடத்துக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைபேசியைச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானையும் மாட்டினார்.

"லைன் முதல் தரமா இருக்கு மாப்பிள்ள," என்றார். "இனிமே யாரும் எதையும் தொட வேண்டாம்."